ஆறேகால் மணிப் படபடப்பு

என்னங்க,

எழுப்ப மனம் வரவில்லை. தையல்கடைக்குக் கிளம்புகிறேன்.

மூன்று நாளாக என் நெஞ்சில் ஒட்டியிருந்த இதயத்துடிப்புக் கருவியைக் கழற்றி, டப்பாவில் போட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன். ஒட்டிய இடம் இன்னும் அரிக்கிறது. பத்து மணிக்குப் பரிசோதனைக்கூடத்துப் பெண் வந்து வாங்கிக்கொள்வாள். சின்ன நோட்டையும் மறக்காமல் கொடுங்கள். படபடப்பு வந்தால் கருவியின் பொத்தானை அமுக்கிவிட்டு, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அதில் எழுதச் சொல்லியிருந்தார்கள்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். உப்பு குறைவாக இருக்கும். கோபத்தில் மறந்ததல்ல, உங்கள் ரத்தக்கொதிப்புக்காக.

மூன்று நாளில் ஒரே ஒரு தடவைதான் அமுக்கினேன். நேற்று மாலை ஆறேகாலுக்கு, “உனக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்ல, எல்லாம் மனப்பிரமை”ன்னு கத்தினீங்களே, அப்போது. ஆனால் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. ‘மாடிப்படி ஏறினேன்’ என்று எழுதி வைத்தேன்.

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

ஓரத்தில் நுணுக்கி எழுதுகிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்: செருப்பு மாட்டும்போதுதான் உறைத்தது. டாக்டர் அந்த நோட்டை நம்பித்தான் மருந்து கொடுப்பார். நம் வீட்டுக்கோ மாடியே கிடையாது. அந்த வரியை அடித்துவிட்டேன். ஆறேகாலுக்கு என்ன நடந்ததென்று நீங்களே எழுதிக் கொடுங்கள். பேனா நோட்டுக்குள் இருக்கிறது.