வாய் திறக்காத நாயகன்

அன்புள்ள அம்மா,

முட்டிவலி குறைந்ததா? நான் சுகம்தான், மண்டைதான் குழம்பிக் கிடக்கிறது. தம்பியும் நானும் சோறு தண்ணி மறந்து விளையாடிய அந்த வீடியோ கேமைத்தான் இங்கே படமாக எடுக்கிறோம். அதன் நாயகன் ஒரு வார்த்தை பேசமாட்டான். படத்தில் என்ன பேசுவான் என்று நேற்று இயக்குநர் கேட்டார். ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்கோ, பின்னால் உட்கார்ந்து நீ கத்தியதுதான் ஞாபகம் வந்தது: "டேய், பள்ளம்டா, பாத்துக் குதி!" அதைச் சொல்லித் தொலைத்தேன்.

"அப்ப அவனுக்கு ஒரு அம்மா இருக்கட்டும்," என்றுவிட்டார். கேமில் அம்மாவே கிடையாதே! ரசிகர்கள் கொண்டாடுவார்களா, அடிக்க வருவார்களா, ஒன்றும் புரியவில்லை.

கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன். அந்த வரியை அதே அதட்டலோடு போனில் பேசி அனுப்பு. இரண்டு தடவை பேசு. படத்துக்கு ஒன்று போதும்.

உன் பெரியவன்