சுங்கச் சாவடியில் குழு மாறுவதை நிறுத்தக் கோரி

அனுப்புநர்:
கடற்கரை நடை வழிகாட்டி,
துறைமுக முனை.

பெறுநர்:
சுற்றுலா அலுவலர்,
கடற்கரை மாகாணங்கள்.

பொருள்: பாதி வழியில் பயணிகள் வழிகாட்டியை மாற்றிக்கொள்ளும் அனுமதியை நீக்குவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆம், கலங்கரை விளக்க முனையிலிருந்து வரும் மற்ற வழிகாட்டி என் தங்கைதான். தங்கள் அலுவலக முகப்பில் கேட்டார்கள், சொல்லிவிட்டேன். இது வீட்டுச் சண்டை அல்ல.

1. காலையில் நான் துறைமுகத்திலிருந்தும் அவள் கலங்கரை விளக்கத்திலிருந்தும் குழுவோடு புறப்படுகிறோம். இரு மாகாணங்களின் எல்லையில், பழைய சுங்கச் சாவடியில் எதிரெதிரே சந்திக்கிறோம். அங்கே விரும்பியவர்கள் குழு மாறலாம் என்பது துறையின் விதி. வெயில் தாங்காதவர்கள் தங்கள் வண்டி நிற்கும் பக்கமே திரும்பட்டும் என்று கொண்டுவந்தது. நல்ல நோக்கம்தான்.

2. இப்போது வெயில் தாங்குபவர்களும் மாறுகிறார்கள். என்னோடு வந்தவர் அவளோடு சேர்ந்தால், என்னோடு நடந்த வழியிலேயே திரும்ப நடக்க வேண்டும். நடக்கிறார்கள். வெள்ளை மணல் வளைகுடா இருக்கும் மறுபாதியை விட்டுவிட்டு, நான் காட்டிய அதே படித்துறையை, அதே கிடங்கை அவள் வாயால் கேட்பதற்காக. அவள் குழுவிலிருந்து என் குழுவுக்கு இதுவரை ஒருவர்தான் மாறினார். அவருக்குச் செருப்பு அறுந்திருந்தது.

3. உப்புக் கிடங்கின் சுவரை எடுத்துக்கொள்ளலாம். சுண்ணாம்புக் காரையில் கட்டியது. புயலில் இடிந்து, மீண்டும் எழுந்தது. நான் இதைச் சொல்லும்போது தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறார்கள். தங்கையோ, "காதை வெச்சுப் பாருங்க, உள்ள யாரோ மூட்டை இழுக்கிற சத்தம் வரும். ஆனா மனசுல கோபம் இருக்கிறவங்களுக்குக் கேட்காது, முன்னாடியே சொல்லிட்டேன்" என்கிறாள். சிரிக்கிறார்கள். வரிசையில் நின்று காதை வைக்கிறார்கள். எல்லோருக்கும் கேட்கிறது. கேட்கவில்லை என்று யார் சொல்வார்கள்?

4. சென்ற ஞாயிறு எங்கள் அப்பா வந்தார். படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர். கடலை வேலையிடமாக மட்டுமே பார்த்தவர். என் வேலையைப் பார்க்க வந்தது அதுவே முதல் முறை. இஸ்திரி போட்ட சட்டை. என் பக்கத்திலேயே நடந்தார். அன்று நன்றாகச் சொன்னேன் என்றே நினைக்கிறேன்.

சாவடியில் தங்கை, "என்னப்பா, அக்கா பாடம் நடத்திட்டாளா? பரீட்சை எப்போ?" என்றாள். அவர் சிரித்தார். "நீ போம்மா, நான் சின்னவளோட வந்துடறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பினார்.

நான் எல்லையைத் தாண்டி, யாருக்கோ வளைகுடாவைக் காட்டினேன். அப்பாவுக்குக் காட்ட வைத்திருந்தது.

அன்று சாப்பிடும்போது அம்மாவிடம், "அந்தச் சுவர்ல நிஜமாவே சத்தம் வருது, தெரியுமா உனக்கு?" என்றார். அதே சுவரை அன்று காலை என்னோடும் பார்த்திருந்தார். தங்கை அவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

5. தங்கையை வேலையிலிருந்து நீக்கக் கேட்கவில்லை. அவள் கெட்டிக்காரி. எங்கள் முனைகளை மாற்றித் தருவதாலும் பயனில்லை. யோசித்துப் பார்த்துவிட்டேன், அப்போதும் அவளிடம்தான் போவார்கள்.

ஆகவே, யாரோடு நடையைத் தொடங்கினார்களோ அவரோடுதான் முடிக்க வேண்டும் என்று ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மறுபாதியையும் மக்கள் பார்க்க வேண்டும் என்பதே காரணம். அப்பா இன்னொரு முறை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் ஆணை வந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இடம்: சுங்கச் சாவடி
நாள்: மார்ச் 9

பணிவுடன்,
(கையொப்பம்)
துறைமுக முனை வழிகாட்டி

பின்குறிப்பு: கையெழுத்திட்ட பிறகு உப்புக் கிடங்குக்குப் போனேன். யாரும் இல்லை. சுவரில் காதை வைத்தேன். கல் வெயிலில் சுட்டது. வேறொன்றும் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து மற்றக் காதையும் வைத்தேன். கோரிக்கையில் மாற்றமில்லை.