வீசாத இடது கை

என் மகனுக்கு,

அன்றைக்கு உன் வகுப்பில் இருந்தவர்கள் உன் மனைவி, உன் மகள், உன் உதவி டாக்டர், உன்னிடம் படிக்கும் பிள்ளைகள், கடைசி பெஞ்சில் நான். தலை நரைக்கும்வரை நரம்பு வைத்தியம் சொல்லிக்கொடுத்த உனக்கு அது கடைசி வகுப்பு என்று கூப்பிட்டிருந்தாய்.

பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதம் வந்தவர் எப்படி நடப்பார் என்று நடந்து காட்டினாய். கால் தரையைத் தேய்த்தது. இடது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"தொடுறதுக்கு முன்னாடி நடையைப் பாருங்க. கண்டதை அவங்ககிட்ட மறைக்காதீங்க," என்றாய்.

"அப்பா சினிமாவில நடிக்கப் போயிருக்கலாம் பாட்டி," என்று உன் மகள் சிரித்தாள்.

வகுப்பு முடிந்து என்னிடம் நடந்து வந்தாய். கால் சரியாகிவிட்டது. அந்தக் கை மட்டும் வீசவில்லை.

"கையை ஏன்டா இப்படி வச்சிருக்க?"

"நடிப்பு இன்னும் விடலம்மா," என்று அதை பேன்ட் பைக்குள் விட்டாய். உதவி டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

நீ முதன்முதலில் நடந்தபோது இரண்டு கையையும் துடுப்பு மாதிரி வீசியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. உன் வகுப்புக்கு வந்த நாளிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை, கண்ணை மூடினால் அந்தக் கைதான் தெரிகிறது. நாளைக்கே யாரிடமாவது போய்க் காட்டு.

உன் மனைவிக்கு விஷயம் தெரியாது, பாவம். உதவி டாக்டருக்குத் தெரியும், உனக்குப் பயந்து சொல்லவில்லை, போகட்டும். என் கல்யாணத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்ட உன் அத்தையைக்கூட மன்னித்துவிடுவேன். பெற்றவளிடம் கையை ஒளித்த உன்னை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

உன் அம்மா