மொட்டைமாடிக் கீரை

அன்பு மகள் பட்டாணிக்கு,

உன் அப்பா எழுதிக்கொள்வது. நான் நலமாக இருக்கிறேன். இந்த முறை இதைப் பேச்சுக்காக எழுதவில்லை, டாக்டரே சொல்லிவிட்டார். நீயும் நலமாக இருக்க வேண்டும், உன் கப்பலின் எஞ்சினும் உன்னைப் படுத்தாமல் இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். துறைமுகத்தில் சிக்னல் கிடைத்ததும் கூப்பிடுகிறாய். "சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா" என்கிறாய். இரண்டுக்கும் நான் "ஆச்சும்மா" என்கிறேன். அதற்குள் லைன் போய்விடுகிறது. சில விஷயங்களை "ஆச்சும்மா"வில் அடக்க முடியவில்லை. உங்கள் கம்பெனி ஆபீஸில் விசாரித்தேன். அடுத்த துறைமுகத்தில் உதிரிபாகங்களோடு தபாலையும் ஏற்றுவார்களாம். அதனால் மதிய இடைவேளையில், லிஃப்ட் பட்டறை மேசையில் கிரீஸ் படாத ஓரமாகப் பார்த்து உட்கார்ந்து எழுதுகிறேன். அங்கங்கே கறை தெரிந்தால் கண்டுகொள்ளாதே.

முதலில் நல்ல செய்தி. போன வாரம் டாக்டரிடம் போனேன். ரத்தப் பரிசோதனைத் தாளை மேலும் கீழும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது உங்க ரிப்போர்ட்தானா?" என்று கேட்டார். கொழுப்பு இறங்கிவிட்டது. ரத்த அழுத்தமும் அடங்கிவிட்டது. ஒரு மாத்திரையை நிறுத்தியே விட்டார். "யார் சமைக்கிறாங்க?" என்றார். "பாதி நாள் நான்தான் சார்" என்றேன். அவர் நம்பவில்லை, நீயும் நம்ப மாட்டாய். வெந்நீர் வைப்பதற்கே அடுப்போடு மல்லுக்கட்டியவன் இப்போது கொண்டைக்கடலையை முதல் நாளே ஊறப்போட்டுவிட்டுத் தூங்கப் போகிறேன்.

வேலையிலும் பழையபடி ஏறி இறங்குகிறேன். பழைய கட்டடங்களில் மோட்டார் அறை உச்சி மாடிக்கும் மேலே இருக்கும், லிஃப்டைச் சரிசெய்ய வருகிறவன்தான் படியேறிச் சாக வேண்டும் என்று நீ சின்ன வயதில் விழுந்து விழுந்து சிரிப்பாய். இப்போது நடுவில் ஒரே இடத்தில் நிற்கிறேன். அதுவும் எனக்காக இல்லை, கூட வரும் ஒல்லிக்காக. பேர்தான் ஒல்லி, ஆள் எப்படி என்று உனக்கே தெரியும். "அண்ணே, நீங்க புல்லைத் தின்னுட்டுக் குதிரை மாதிரி ஏர்றீங்க, எனக்கு மூச்சு முட்டுது" என்றான். "புல் இல்லடா, கீரை" என்று என் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி அவன் தட்டில் வைத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் தின்றான். மறுநாள் கேட்காமலே தட்டை நீட்டினான்.

இதற்கெல்லாம் உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். மகளுக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்று கேட்காதே. மோட்டார் அறையில் நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது, கப்பல் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவதாக ஒற்றைக்காலில் நின்றாய். நான் விடவில்லை. நீ ஆசைப்பட்டுப் படித்த படிப்பு அது. லீவு முடிந்து கிளம்பும்போது, உன் வேலை உடுப்பைப் பிடித்துத் தைக்க வேண்டும் என்று கீழ்த்தளத்து டெய்லரம்மா கடைக்குப் போனாய். உடுப்பைக் கொடுத்ததோடு என்னையும் சேர்த்து அவரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய் என்பது நீ கப்பல் ஏறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நீ கிளம்பிய அன்று சாயந்திரம் டெய்லரம்மா கதவைத் தட்டினார். "லிஃப்ட்காரரே, உங்க பொண்ணு உங்களைப் பார்த்துக்கச் சொல்லிட்டுப் போயிருக்கு" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் என்ன, ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போகும் பூந்தொட்டியா என்று முணுமுணுத்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார், மூடினார். "இதுல எதையும் நான் தூக்கிப் போட மாட்டேன். வேணுமா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. ஆனா என் கையால சமைச்சா பருப்பு, காய், கீரை, பழம், தானியம், இவ்வளவுதான். பிடிக்கலைன்னா சொல்லிடுங்க, எனக்குத் தைக்கிறதுக்கு நிறைய இருக்கு" என்றார்.

அவருடைய வீட்டுக்காரரும் எனக்கு வந்த மாதிரியே நெஞ்சு வலி வந்து இறந்துபோனவர் என்பதைப் பிறகுதான் சொன்னார். உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாராம். "அவருக்குப் பிடிக்கும்னு தினமும் எண்ணெயில பொரிச்சுப் பொரிச்சு வச்சேன். அப்ப யாரும் எனக்கு எதையும் சொல்லல" என்றார். அழவில்லை. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டேதான் சொன்னார். அன்றிலிருந்து அவர் வைத்ததை நான் மறுபேச்சு பேசாமல் சாப்பிடுகிறேன். ஆரம்பத்தில் நாக்கு செத்துப்போனது உண்மை. பஸ் நிறுத்தத்து வறுவல் கடையைக் கடக்கும்போது கால் தானாகவே நிற்கும், நான்தான் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர வேண்டும். பிறகு எப்போது மாறியது என்று தெரியவில்லை. ஒருநாள் பூசணிக்காயைச் சுட்டு, பூண்டும் மிளகும் தட்டிப்போட்டுக் கொடுத்தார். இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டை வைத்தார். அவர் சிரித்து அன்றுதான் முதலில் பார்த்தேன்.

இனி கட்டடத்துச் சமாசாரம். போன மழைக்காலத்தில் பின்பக்கச் சாக்கடை எதிர்த்துக்கொண்டு, கறுப்புத் தண்ணீர் அவர் கடைக்குள் முழங்கால் அளவு வந்துவிட்டது. பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்து அடுக்கி வைத்திருந்தார், எல்லாம் நாசம். தண்ணீர் வடிந்ததும் நானும் ஒல்லியும் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தோம். உள்ளே என்ன இருந்தது தெரியுமா? மிஞ்சிய சோறும் காய்கறித் தோலும் பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கட்டி, மேலிருந்து கீழே வீசியவை. எல்லார் வீட்டுக் கவரும் இருந்தது, யாரையும் தனியாகத் திட்ட வழியில்லை. டெய்லரம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். "இதுல பாதி மண்ணுக்குப் போக வேண்டியது. நாமதான் கவர்ல கட்டி வச்சு நாறடிக்கிறோம்" என்றார்.

அப்படித்தான் மொட்டைமாடியில் டிரம்கள் வந்தன. பக்கவாட்டில் துளை போட்டு, காய்ந்த இலை ஒரு அடுக்கு, சமையலறைக் கழிவு ஒரு அடுக்கு, எல்லாம் மட்கி உரமாகிவிடும். கழிவு சேகரிப்பது என் பொறுப்பு. வேலைக்குக் கிளம்பும் முன் லிஃப்டில் மாடி மாடியாக நின்று வாளிகளை வாங்கிக்கொண்டு மேலே போவேன். இத்தனை வருஷம் லிஃப்டுக்கு நான் உழைத்தேன், இப்போது அது எனக்கு உழைக்கிறது. முதலில் நாற்றம் தாங்கவில்லை. காய்ந்த இலையைக் குறைவாகப் போட்டிருக்கிறோம். மேல்மாடி ஆடிட்டர் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்து சத்தம் போட்டார். வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லி டிரம்மை உருட்டிவிடப் போவதாகவும் மிரட்டினார். டெய்லரம்மா சண்டைக்குப் போகவில்லை. பூங்காவைக் கூட்டுகிறவர்களிடம் கேட்டுச் சாக்கு சாக்காகச் சருகு வாங்கி வந்தார். நாற்றம் போய் மழை பெய்த மண்ணின் வாசனை வந்தது. இப்போது அந்த உரத்தில் கீரை, அவரை, தக்காளி, சுரைக்கொடி எல்லாம் இருக்கின்றன. ஆடிட்டர்தான் முதல் ஆளாக வாளியோடு நிற்கிறார். "என் வீட்டு வாழைப்பழத் தோல் எந்தத் தக்காளியில போச்சு? அது எனக்குத்தான்" என்கிறார். இந்த மழைக்குக் கடைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மழை கொட்டிய அன்று கட்டடத்துக்காரர்கள் எல்லாரும் குடையோடு போய்ச் சாக்கடையை வேடிக்கை பார்த்தோம். தண்ணீர் கடகடவென்று ஓடியது. தேர்வில் பாஸான பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இப்போது ஒரு கவலை. டெய்லரம்மாவின் அண்ணன் வந்திருந்தார். நல்ல மனிதர். தனியாக இருந்தது போதும், கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது, கடையை மூடிவிட்டு என் வீட்டுக்கு வந்துவிடு என்று தங்கையைக் கூப்பிடுகிறார். அவர் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் அந்த நேரம் பார்த்துக் கீரைக்கட்டோடு கடைக்குள் போனேன். என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டார்.

"நான் மேல்மாடியில இருக்கேன்" என்றேன்.

"ஓகோ" என்றார், அவ்வளவுதான். தப்பாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் என் பதில் எனக்கே பிடிக்கவில்லை பட்டாணி. அன்றிலிருந்து அது என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. தபால்காரருக்குச் சொல்கிற பதில் அது.

மறுநாள் மொட்டைமாடியில் அவர் அவரைக்காய் பறித்துக்கொண்டே, "லிஃப்ட்காரரே, அண்ணன் கூப்பிடுறாரு. போகட்டுமா, இருக்கட்டுமா?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "செடிக்குத் தண்ணி ஊத்தணும்" என்றேன். உன் அப்பனுடைய சாமர்த்தியம் அவ்வளவுதான். அவர் பறித்த காயைக் கூடையில் போட்டார். "முதல்ல உங்க பொண்ணுக்கு எழுதுங்க. அது மனசு தெரியாம நான் மேல ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

அதனால்தான் எழுதுகிறேன். என்ன எழுத வேண்டும் என்று மட்டும் தெரியவில்லை. உன் அம்மாவின் படம் அதே இடத்தில்தான் இருக்கிறது. டெய்லரம்மா வந்ததும் முதலில் அதைத் துடைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைக்கிறார், நான் சொல்லிச் செய்யவில்லை. உனக்கு ஏதாவது நெருடினால் ஒரே ஒரு வரி எழுது, போதும். நீ எதுவும் விளக்க வேண்டாம், எனக்கும் வருத்தம் இருக்காது. மாத்திரையை விட மாட்டேன், கீரையை விட மாட்டேன், வாளிகளையும் விட மாட்டேன். உன்னைப் பயமுறுத்தி ஒரு சம்மதத்தை வாங்கிவிட்டதாக இருக்கக் கூடாது. நீ எந்தக் கடலில் இருந்தாலும் உன் மனசு அமைதியாக இருக்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு இங்கே எதுவும் பெரிதில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் கை பட்ட எஞ்சின் எல்லாம் நின்றுபோகாமல் ஓடட்டும்.

என்றும் உன் நலம் விரும்பும்
அப்பா

*

அன்புள்ள சித்திக்கு,

மேலே எழுதியிருப்பது கைதவறி வந்ததில்லை. யோசித்துத்தான் எழுதினேன். இத்தனை நாள் உங்களை டெய்லரக்கா என்று கூப்பிட்டேன். இனிமேல் அது சரிப்படாது.

அப்பாவின் கடிதம் கிடைத்தது. சாக்கடையைப் பற்றி ஒரு பக்கம், சருகைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறார். சொல்ல வந்ததை மட்டும் கடைசிவரை எழுதவில்லை. எஞ்சின் அறையில் உட்கார்ந்து படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எண்ணெய் கண்ணில் பட்டுவிட்டதா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வது? அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த பிறகு, கப்பலில் எனக்கு ஒரு அழைப்பு என்று யாராவது வந்து சொன்னாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். இப்போது அது இல்லை. உங்களுக்காகவே இங்கும் ஒரு காரியம் செய்தேன். எங்கள் சமையல்காரரிடம் நச்சரித்து வாரத்தில் பாதி நாள் பயறும் காய்கறியும் போட வைத்துவிட்டேன். கப்பலில் குப்பையைப் பிரித்து வைப்பதும் இப்போது என் பொறுப்பு, நானே கேட்டு வாங்கிக்கொண்டது. நடுக்கடலில் எந்த ஊரும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கவர் மிதந்து போகும் சித்தி. யாரோ ஒருவர் ஜன்னல் வழியாக வீசியதுதானே என்று நினைத்துக்கொள்வேன்.

உங்கள் அண்ணன் கூப்பிடுவது பாசத்தில்தான். போய் ஒரு வாரம் இருங்கள், கண்ணைக் காட்டுங்கள், நன்றாகத் தூங்குங்கள். பிறகு திரும்பி வந்துவிடுங்கள். அண்ணனிடம் என்ன சொல்வது என்று அப்பாவை நம்பிக் காத்திருக்காதீர்கள், அவர் மறுபடியும் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். நீங்களே சொல்லிவிடுங்கள். வேண்டுமானால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

இன்னொன்று. எங்கள் வீட்டு உள்ளறையில் அம்மாவின் அலமாரி பூட்டியே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாவி தொலைந்துவிட்டது என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். தொலையவில்லை, அம்மா போனதும் நான்தான் எடுத்து வைத்தேன். பரண்மேல் என் பழைய பள்ளிக்கூடப் பையின் உள்பக்க ஜிப்பில் இருக்கிறது. அப்பாவை ஏற விடாதீர்கள், ஒல்லி அண்ணனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள். அம்மாவின் துணிகளை மேல்தட்டுக்கு மாற்றிவிட்டு, கீழே இருக்கிற இரண்டு தட்டிலும் உங்களுடையதை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த லீவுக்கு நான் வரும்போது அந்த அலமாரி பூட்டியிருக்கக் கூடாது.

உங்கள்
பட்டாணி