ப்ளைவுட் கழிவறை

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கான விமானக் கழிவறையின் மாதிரி தயார் என்றாள் நித்யா. வடிவமைப்பு அவளுடையது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் ப்ளைவுட்டில் செய்து வைத்திருந்தார்கள். சோதித்துப் பார்க்க என்னைச் சேலத்திலிருந்து தம்பி காரில் கூட்டிப்போனான்.

காலையிலிருந்து உள்ளே போவதும் வருவதுமாக இருந்தேன். மதியத்துக்கு மேல்தான் கைகூடியது. நாற்காலியோடு நுழைந்து, கம்பியைப் பிடித்து மாறி உட்கார்ந்து, கதவை நானே சாத்தினேன். வீட்டுக்கு வெளியே எங்கேயும் எனக்கு இது வாய்த்ததில்லை. நித்யா கைதட்டினாள்.

உட்கார்ந்த இடத்திலேயே எனக்குச் சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தது. அடியில் குழாய் கிடையாது. வெறும் பலகை.

வெளியே வந்து மேஸ்திரியிடம் மெல்லக் கேட்டேன்.

"பட்டறைக் கக்கூஸ் பொறவால இருக்குதுங்க அம்மிணி. ஆனா படி ஏறோணுமுங்க, கதவும் ஒடுக்கமுங்க" என்றார். கொஞ்சம் யோசித்து, "நாங்க நாலு பேரு சேந்து தூக்கிக்கறமுங்க" என்றார்.

நல்ல மனிதர். அதுதான் தாங்கவில்லை. வேண்டாமென்று கிளம்பிவிட்டேன்.

தம்பி வேகமாகத்தான் ஓட்டினான். மல்லூர் வருவதற்குள் என்னால் முடியாமல் போயிற்று. அவன் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டான்.

நித்யாவின் செய்தி வந்திருக்கிறது. "அக்கா, இன்னைக்கு முழு வெற்றி! ஏதாவது வசதி விட்டுப்போயிருந்தா சொல்லுங்க."

புடவை வாளியில் ஊறுகிறது.