முன்சக்கரத்துக்கு ஒரு பிரேக்

ஜூன் 3, செவ்வாய்

வெயில். மதியம் வரை விம்கோ நகரில் இலை அசையவில்லை.

சைக்கிளின் முன் பிரேக் இன்றும் வழுக்கியது. ரிம்மைக் கவ்வும் பழைய கட்டை; அலைத் தண்ணீர் பட்டால் அது என்ன செய்யும், பாவம். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுப் பாறையிலிருந்து முன்சக்கரத்தைக் கீழ்ப்பாறையில் ஊன்றி இறங்கும்போது சக்கரம் அப்படியே நிற்க வேண்டும். கொஞ்சம் நகர்ந்தாலும் நான் தலைகுப்புற. போன வருஷம் மணிக்கட்டு உடைந்தது அப்படித்தான். ஆகவே டிஸ்க் பிரேக். முடிவு.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா, வழக்கம்போல: "இன்னாமே, சீட்ட வித்துத் துன்ட்டியா?" டிரையல்ஸ் சைக்கிளுக்கு சீட்டு கிடையாது, கால் ஊன்றாமல் பாறைக்குப் பாறை தாவ வேண்டும் என்று சொல்லிச் சொல்லி எனக்குத்தான் அலுத்துவிட்டது.

ஜூன் 5, வியாழன்

ஆபீசில் கன்டெய்னர் நம்பர் அடித்துக்கொண்டே யோசனை.

கேபிள் டிஸ்க்: அறுந்தால் நானே மாட்டலாம். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து இறுகும்.
ஆயில் டிஸ்க்: ஒரு விரல் போதும். உள்ளே ஆயில் ஓடும் குழாயில் காற்று புகுந்தால் தலைவலி.
டிஸ்க் தட்டு: பெரியது நன்றாகப் பிடிக்கும். பாறையில் இடித்தால் வளையும். சின்னதே.

செல்வத்திடம் கேட்டேன். என் வீட்டுக்காரர், காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் பார்க்கிறவர். என் கை உடைந்ததிலிருந்து சைக்கிளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இன்று போனை வாங்கி ஒவ்வொரு பிரேக் படத்தையும் பெரிசாக்கிப் பார்த்தார். "ஆயிலே வாங்கு. ஒடஞ்ச கையில கேபிள இஸ்க்க பலம் எங்க கீது? காத்து பூந்தா நான் எடுத்துத் தரேன்."

சாப்பிடும்போது அழுகை வந்தது. குழம்பு காரம் என்றேன்.

ஜூன் 7, சனி

பாரிமுனையில் ஆயில் டிஸ்க்கே வாங்கியாயிற்று. அவரே மாட்டினார். என்னைத் தொடக்கூட விடவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

விழுந்தேன். முட்டி தேய்ந்தது, வேறொன்றுமில்லை. முதல் இறக்கத்திலேயே புது பிரேக் பிடிக்கவே இல்லை.

செல்வம் செருப்பில்லாமல் பாறைமேல் ஓடி வந்தார். "போதும்மே. இத்தோட வுட்ரு. உன்ன வுட்டா எனக்கு யாரு கீறா?" பிரேக்கைக் கடையில் திருப்பித் தந்துவிட்டு சைக்கிளையும் விற்றுவிடப் போகிறாராம்.

வீட்டுக்கு வந்து தட்டைத் தொட்டேன். வழுவழு. எஞ்சின் ஆயில் வாசனை.

கடலோர வீடு. ஞாயிறு காலையில் செல்வம் ஜன்னல் கம்பி, தாழ்ப்பாள், கேட் கீல் எல்லாவற்றையும் ஆயில் துணியால் துடைப்பார். இல்லாவிட்டால் உப்பு தின்றுவிடும். என் டிஸ்க்கையும் பாசமாக ஒரு கை துடைத்திருக்கிறார்.

சொன்னால் மனுஷன் நொறுங்கிவிடுவார். சொல்லாவிட்டால் சைக்கிள் போய்விடும். இரண்டும் என்னால் முடியாது.

ஜூன் 9, திங்கள்

காலையில் தூறல். டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன். "துரு புடிக்கக் கூடாதுன்னுதான தொடச்ச? தட்டுல ஆயில் பட்டா டிஸ்க்கு புடிக்காதுய்யா."

டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "படகுல பிரேக்கு எங்கமே கீது..." அதற்கும் பிறகு, "அப்ப நான்தான் உன்னத் தள்ளிவுட்டனா?"

"தள்ளினவன் அப்டி ஓடியாருவானா?" என்றேன். டீ ஆறிப்போனது. இந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவருக்கு யார் சொல்வது.

ஜூன் 15, ஞாயிறு

தட்டைக் கவ்வும் பேட் ஆயில் குடித்துவிட்டது; புதுசு போட்டோம். தட்டை ஸ்பிரிட் போட்டு அவரே துடைத்தார். முகர்ந்து பார்த்தார். மறுபடி துடைத்தார்.

மாலை, தூண்டில் வளைவு. அதே இறக்கம். நான் மேலே நிற்க, அவர் கீழ்ப்பாறைக்குப் போய், சக்கரம் இறங்கும் இடத்துக்கு நேர் எதிரே நின்றுகொண்டார்.

"தள்ளிக்கய்யா."

"மாட்டேன். புடிக்கலன்னா என் மேல வுயு."

இறங்கினேன். நின்றது. அவர் கால் விரலுக்கு ஒரு சாண் முன்னால். அவர் கண்ணை மூடவேயில்லையாம். நான்தான் மூடியிருந்தேன்.