பெல் அடிக்காமல் கேஜ் போகாது

இன்று காலை ஆண்டர்சன்பேட்டை கம்ப்யூட்டர் சென்டருக்கு நான்தான் முதலில் போனேன். மானிட்டரைப் போட்டதும் சூடேறிய தூசியின் வாசனை வந்தது. உனக்குப் பிடித்த வாசனை. கண்ணாடிக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய், "வேர்க்கடலை வறுக்கிற மாதிரி இல்லடி?" என்பாய். எனக்கு ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை. இன்று தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் நடந்த பள்ளி மாணவர் கண்காட்சிக்கு நம் புரோகிராம் போயிற்று. பரிசு கிடைக்கவில்லை. ஆனால் நீ எழுதியதில் ஒரு வரியைக்கூட நான் எடுக்கவில்லை.

போன வருடக் கோடை விடுமுறையில் நாம் இருவரும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து ஜாவா படித்தோம். கறுப்புத் திரையில் எண்களைக் கூட்டிக் கூட்டி அலுத்துப்போன பிறகு, சென்டர் சார் ஒருநாள் சொந்தமாக ஒரு விண்டோ திறக்கக் கற்றுக்கொடுத்தார். மெனு பார் செய்தோம். அதில் மெனுக்களைச் சேர்த்தோம். ஒவ்வொரு மெனுவுக்குள்ளும் என்னென்ன இருக்க வேண்டுமோ எல்லாவற்றையும் எழுதினோம். ஓட்டிப் பார்த்தால் மொட்டையாக ஒரு விண்டோ வந்து நின்றது.

"இன்னாடி இது? எழுதினதெல்லாம் எங்க போச்சு?" என்றேன்.

நீ மேலிருந்து கீழே விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனாய். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய். "கதவு செஞ்சோம், தாப்பாள் செஞ்சோம். சுவத்துல மாட்டவே இல்லடி!" மெனு பாரை விண்டோவில் பொருத்தும் அந்த ஒரு வரியை நாம் எழுதவே இல்லை.

விண்டோவில் மேலே இடது மூலைதான் பூஜ்யம். கீழே போகப் போக எண் கூடும். கிராஃப் தாளில் மேலே ஏறினால்தானே கூடும் என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன். நீ குழம்பவே இல்லை. "மைன்ஸ்ல எப்படி எண்ணுறாங்க? மேல தரை. கீழ போவப் போவ லெவல் நம்பர் ஏறும். கம்ப்யூட்டர் கண்டுபுடிச்சவன் நம்ம ஊர்க்காரன்டி!" என்றாய். அதோடு விட்டாயா? அடுத்த கணக்குப் பரீட்சையில் அச்சைக் கீழ்நோக்கிப் போட்டாய். மார்க்கைக் குறைத்த மிஸ்ஸிடம், "எந்தப் பக்கம் ஏறுதுன்னு அம்புக்குறி போட்டிருக்கேன் இல்ல மிஸ்? அப்புறம் தப்பு எங்க?" என்று வகுப்பே திரும்பிப் பார்க்கும்படி கேட்டாய். மார்க் திரும்பி வரவில்லை. நீயும் அடங்கவில்லை.

சென்டரில் எல்லோரும் கடை பில் போடும் புரோகிராம் எழுதினார்கள். நீ கேஜ் எழுதினாய். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டு. மாரிகுப்பத்துத் தங்கச் சுரங்கத்தில் அந்தக் கூண்டின் வாசலில் நின்று பெல் அடிப்பதுதான் உன் அப்பாவின் வேலை. மூடப்போகிறார்கள் என்ற பேச்சு அப்போது எல்லா வீட்டிலும் இருந்தது.

"மூடப்போற மைன்ஸுக்கு கேஜ் எதுக்கும்மா? பில்லு போடு, நாளைக்கு வேலை கிடைக்கும்" என்றார் சார்.

"மூடட்டும் சார். அது எப்படி ஓடுச்சுன்னு தெரிஞ்சவங்க இங்கதான இருக்கோம்? நாங்க எங்கயும் போவல" என்றாய்.

விண்டோவின் நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு. அதில் தொங்கும் சின்னப் பெட்டிதான் கேஜ். 'லெவல்' மெனுவில் எந்த ஆழம் என்று தேர்ந்தெடுக்கலாம். 'கேஜ்' மெனுவைத் திறந்தால் 'இறக்கு' என்பது சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும். எத்தனை முறை கிளிக் செய்தாலும் அசையாது. முதலில் 'பெல்' மெனுவுக்குப் போய் அடிக்க வேண்டும். அடித்த பிறகும் காத்திருக்க வேண்டும். கூண்டை இயக்குகிற எஞ்சின் அறையிலிருந்து பதில் பெல் வந்த பிறகுதான் 'இறக்கு' கறுப்பாக மாறும்.

"கிளிக் பண்ணா ஒண்ணும் ஆவல, ரிப்பேர்னு நினைப்பாங்க" என்று சார் அன்றைக்கே சொன்னார். நீ வெளியே வந்ததும் என்னிடம் மட்டும் சொன்னாய். உன் சித்தப்பா ஒரு காலை கேஜுக்குள் வைத்து, இன்னொரு காலை எடுப்பதற்குள் யாரோ பெல்லுக்குக் காத்திராமல் அவசரப்பட்டு கேஜை நகர்த்திவிட்டார்கள். அவர் நொண்டி நடப்பதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். காரணம் அன்றுதான் தெரிந்தது.  

மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பி வரவில்லை. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அழுவேன், அழுதால் உனக்குப் பிடிக்காது.

சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். உன் அப்பா இப்போது காலை ரயிலில் பெங்களூர் போய் ஒரு கட்டடத்துக்குக் காவல் இருக்கிறார். நம் கோரமண்டல் ஸ்டேஷனில் பார்த்தால், "நல்லா படிக்கிறியாம்மா?" என்று மட்டும் கேட்பார்.

கண்காட்சி அறிவிப்பு வந்ததும் சார் என்னைக் கூப்பிட்டார். "அந்த கேஜையே அனுப்பலாம். பாக்க நல்லா இருக்குது. ஆனா 'இறக்கு'வ மங்க வைக்கிற அந்த வரிய எடுத்துடு. ஒரே வரிதான? எடுக்கலன்னா பில் புரோகிராம்தான் போவும்."

"எடுக்க மாட்டேன் சார்."

"செத்துப்போன பொண்ணுக்காகப் பிடிவாதம் பிடிக்கிறியேம்மா."

"அவளுக்காக இல்ல சார். அது சரி. அதனாலதான்."

சார் கெட்டவர் இல்லை. பெருமூச்சு விட்டுவிட்டு, "வர்றவங்களுக்கு பெல் விஷயம் எப்படித் தெரியும், அதையாவது சொல்லு" என்றார்.  இதையே நான் உன்னிடமும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். "தெரியாதவன் கேக்கட்டும்" என்று வெட்டிவிட்டாய். இந்த ஒன்றில் நீ சொன்னது தப்பு. அன்றும் அப்படித்தான் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். நீ இருந்திருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன். இல்லாததால் உன்னைக் கேட்காமலே, விண்டோவின் அடியில் 'முதலில் பெல் அடிக்கவும்' என்று வரும்படி ஒரு வரி எழுதினேன். கோபம் வந்தால் வரட்டும்.

சார் அதை ஓட்டிப் பார்த்தார். "சரி, எடுத்துக்கினு வா. பில்லும் வரட்டும், இதுவும் வரட்டும். சிரிச்சாங்கன்னா நான் பொறுப்பில்ல" என்றார். "சிரிக்கட்டும் சார்" என்றேன்.

பெங்களூரில் ஒரு மேடம் மதிப்பெண் போட வந்தார். நேராக 'கேஜ்' மெனுவைத் திறந்தார். கிளிக் செய்தார். அசையவில்லை. கீழே படித்தார். பெல் அடித்தார். மறுபடி ஒன்றும் நடக்கவில்லை. "ஹேங் ஆயித்தா?" என்று, மாட்டிக்கொண்டு நின்றுவிட்டதா எனக் கன்னடத்தில் கேட்டார்.

"இல்ல மேடம். உத்தர பரபேகு" என்றேன். பதில் வர வேண்டும்.

பதில் பெல் கேட்டது. மேடம் 'இறக்கு' கொடுத்தார். பெட்டி கடைசி லெவல்வரை இறங்கி நின்றது. பார்த்துவிட்டுத் தமிழிலேயே பேசினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா எதுக்கு இப்படிக் காக்க வைக்கிற? யூஸருக்குப் பொறுமை இருக்காதும்மா."

"உள்ள ஆளுங்க இருக்காங்க மேடம்."

அவர் குனிந்து பார்த்தார். "வெறும் பெட்டிதான இருக்கு? ஒருத்தரையும் காணோமே!" பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

"எனக்கு வரையத் தெரியல மேடம். ஆனா இருக்காங்க."

மேடம் சிரிக்கவில்லை. மார்க்கும் போடவில்லை என்று நினைக்கிறேன். நம் சென்டரின் பில் புரோகிராமுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. ரயிலில் சார் எனக்கும் சேர்த்து வடை வாங்கிக் கொடுத்தார். 

இன்று காலை அவர் சென்டருக்குள் வந்ததும், "இப்பவாவது அந்த வரிய எடுத்துடலாமா?" என்றார்.

"வேணாம் சார்."

"அப்ப காலங்காத்தால உக்காந்து இன்னா பண்ணிக்கினு இருக்க?"

"ஆளுங்கள வரையறேன் சார்."

அவர் தன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு பார்த்தார்.

தலைக்கு வட்டம், உடம்புக்குக் கோடு, அவ்வளவுதான் எனக்கு வருகிறது. எண்கள் கீழே போகப் போகத்தான் கூடும் என்பதில் இப்போதெல்லாம் நான் குழம்புவதில்லை. மத்தியானத்துக்குள் பெட்டிக்குள் சில பேர் வந்துவிட்டார்கள். கடைசி ஆள் இன்னும் முழுதாக ஏறவில்லை. ஒரு கால் உள்ளே இருக்கிறது, ஒரு கால் வெளியே. பெல் அடித்துப் பதில் வருவதற்குள் அவர் அந்தக் காலை எடுத்து உள்ளே வைத்துவிடுவார். அதற்கு ஆகும் நேரத்தை, யார் வந்து கேட்டாலும், நான் குறைக்க மாட்டேன்.